அட்லாண்டிக்கைக் கடக்கும் பிசினஸ் கிளாஸ் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பிசினஸ் கிளாஸ் பயணிகளுக்காக மட்டுமே விமானம் ஓட்டிய நிறுவனங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. பாதிப் பேருக்கு நிறுவனங்களின் பெயர்களே குழம்பிப்போகின்றன. மீதிப் பேர் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விலையைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

பிசினஸ் கிளாஸ் எல்லாப் பெரிய விமானத்திலும்தான் இருக்கிறது. நீங்கள் தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

விமானம் முழுவதுமே பிசினஸ் கிளாஸாக இருப்பதைச் சொல்கிறேன். பின்பக்கம் நெருக்கியடித்த எகானமி வரிசைகள் கிடையாது. சுமார் 200 பேரை ஏற்றக்கூடிய போயிங் 757 விமானத்தில் ஈயோஸ் என்ற நிறுவனம் வெறும் 48 இருக்கைகளைப் போட்டது. லா கொம்பானி என்ற பிரெஞ்சு நிறுவனம் இன்று ஏர்பஸ் ஏ321நியோவில் 76 இருக்கைகளோடு பறக்கிறது.

வழக்கமான விமானத்தில் முன்பக்கம் உட்காருபவர்கள் பணத்தைத் தருகிறார்கள், பின்பக்கம் உட்காருபவர்கள் விமானத்தை நிரப்புகிறார்கள். இந்த நிறுவனங்கள் பின்பக்கத்தை வெட்டிவிட்டு முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தன. அந்தக் கணக்கு எங்கே சரியாக வந்தது, எங்கே தவறியது என்பதைத்தான் கீழே வரும் பதில்களில் பார்க்கப் போகிறோம்.

உலகத்தில் எத்தனையோ வழித்தடங்கள் இருக்க, எல்லோரும் ஏன் லண்டன்–நியூயார்க்கையே பிடித்துத் தொங்குகிறார்கள்?

பணம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு நிதிச் சந்தைகள், இரண்டு பக்கமும் வங்கிகள், சட்ட நிறுவனங்கள், விளம்பர நிறுவனங்கள். டிக்கெட்டுக்கான பணம் பயணியின் பையிலிருந்து போவதில்லை, அலுவலகக் கணக்கிலிருந்து போகிறது. லண்டனின் ஹீத்ரோவுக்கும் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையிலான வழித்தடம் ஒன்றிலேயே பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓராண்டில் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதாக விமானத் தரவு நிறுவனமான ஓஏஜி 2018இல் கணக்கிட்டது. ஒரே நிறுவனம், ஒரே தடம்.

தூரமும் பொருத்தமானது. நியூயார்க்கிலிருந்து லண்டன் ஏறத்தாழ ஏழு மணி நேரம். சிறிய விமானமே தாண்டிவிடும். டோக்கியோவுக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டுமென்றால் பெரிய விமானம் வேண்டும், அதற்கேற்ற பெரிய முதலீடும் வேண்டும்.

இதையெல்லாம் யார் ஆரம்பித்தது? ஈயோஸ், மேக்ஸ்ஜெட், சில்வர்ஜெட் எல்லாம் ஒரே கம்பெனியின் வெவ்வேறு பெயர்களா?

இல்லை. மூன்றும் தனித்தனி நிறுவனங்கள், தங்களுக்குள்ளும் போட்டியாளர்கள். இவற்றுக்கு முன்னோடி லுஃப்தான்சா. 2002இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃபிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்கு 48 இருக்கைகள் கொண்ட சிறிய போயிங்கை, பிரைவட்ஏர் என்ற சுவிஸ் நிறுவனத்திடம் விமானிகளோடு வாடகைக்கு எடுத்து ஓட்டியது. 2005இல் ஸ்விஸ் என்ற பெயருள்ள விமான நிறுவனம் சூரிக்–நியூவார்க்கிலும், கேஎல்எம் ஆம்ஸ்டர்டாம்–ஹூஸ்டனிலும் அதையே செய்தன. ஹூஸ்டன் எண்ணெய்த் தொழிலின் நகரம் என்பதால் அங்கே அந்த ஏற்பாடு எடுபட்டது.

தனி நிறுவனங்களின் அலை, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானம் ஓய்வுபெற்ற பிறகு வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் கடைசி கான்கார்டு சேவையை 2003 அக்டோபரில் முடித்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸிலிருந்து வெளியே வந்த டேவ் ஸ்பர்லாக் தொடங்கிய ஈயோஸ், 2005 அக்டோபரில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்–ஜேஎஃப்கே தடத்தில் பறக்கத் தொடங்கியது. இரண்டே வாரத்தில், அதே இரண்டு விமான நிலையங்களுக்கிடையே மேக்ஸ்ஜெட் வந்தது. ஈயோஸ் விலை உயர்ந்த ரகம்: 48 பேர், முழுவதும் தட்டையாக விரியும் படுக்கை. மேக்ஸ்ஜெட் மலிவு ரகம்: பழைய போயிங் 767இல் 102 இருக்கைகள், நன்றாகச் சாயும், ஆனால் தட்டையாகாது. வாஷிங்டன், லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சலிஸ் என்று மேக்ஸ்ஜெட் கிளை பரப்பியும் பார்த்தது.

2007 ஜனவரியில் இரண்டு பேர் களத்தில் இறங்கினார்கள். ஒன்று சில்வர்ஜெட்: லண்டன் லூட்டனிலிருந்து நியூவார்க், 767இல் 100 இருக்கைகள், லூட்டனில் தனி முனையம், புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது வந்தாலும் ஏறிவிடலாம் என்ற வாக்குறுதி, பெண்களுக்கென்றே ஒரு கழிப்பறை. அந்தக் கடைசி யோசனையை மற்ற நிறுவனங்கள் இன்றுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வியப்புதான். மற்றொன்று பாரிஸ் ஓர்லியிலிருந்து நியூவார்க் சென்ற லாவியோன்: 757இல் 90 இருக்கைகள்.

அந்த மூன்று லண்டன் கம்பெனிகளும் ஆறு மாதத்துக்குள் மூடியதற்கு எண்ணெய் விலைதானே காரணம்?

எண்ணெய் விலை கடைசி அடி. நோய் அதற்கு முன்பே இருந்தது. தேதிகளைப் பாருங்கள். மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பர் 24 அன்று நின்றது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பயணிகளை நடுத்தெருவில் விட்டது. ஈயோஸ் 2008 ஏப்ரல் கடைசியில் திவால் மனு கொடுத்தது. சில்வர்ஜெட் மே 30 அன்று நின்றது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது ஜூலையில். அதற்குள் மூவரும் போய்விட்டார்கள்.

எண்ணெய்க்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 757 விமானம் 48 பேரை ஏற்றினாலும் 200 பேரை ஏற்றினாலும் எரிபொருள் ஏறத்தாழ அதே அளவுதான் குடிக்கும். எண்ணெய் விலை ஏறும்போது அந்தச் சுமையை 200 பேரிடம் பிரிப்பது ஒன்று, 48 பேர் தலையில் வைப்பது வேறு. மேக்ஸ்ஜெட்டும் சில்வர்ஜெட்டும் வைத்திருந்த 767-200 விமானங்கள் வேறு வயதானவை. வாடகை மலிவு, எரிபொருள் செலவு அதிகம். எண்ணெய் மலிவாக இருக்கும்வரை அது நல்ல பேரம்.

ஆனால் அதே விலைக்கு எண்ணெய் வாங்கிய பெரிய நிறுவனங்கள் காயத்தோடு தப்பின. அவற்றிடம் முன்கூட்டியே விலை பேசிவைத்த எரிபொருள் ஒப்பந்தங்கள் இருந்தன, கடன் கொடுக்க வங்கிகள் இருந்தன, நட்டத்தை ஈடுகட்ட வேறு நூறு வழித்தடங்கள் இருந்தன. புதிய நிறுவனங்களோ முதலீட்டாளர்களின் அடுத்த தவணைப் பணத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. 2007 ஆகஸ்டிலிருந்து கடன் சந்தை இறுகியபோது அந்தத் தவணை வரவில்லை. சில்வர்ஜெட் மே மாதம் முழுவதும் ஒரு முதலீட்டுக்காகக் காத்திருந்துதான் விழுந்தது.

லண்டனுக்குப் போகிறவன் ஏன் ஸ்டான்ஸ்டெட்டிலும் லூட்டனிலும் இறங்க வேண்டும்? ஹீத்ரோவுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்களா?

போக முடியவில்லை என்பதுதான் விஷயம். 1977இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட பெர்முடா-2 ஒப்பந்தப்படி, ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்க இரண்டு பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கும் மட்டுமே உரிமை. 1990களிலிருந்து அந்த நால்வர் பிரிட்டிஷ் ஏர்வேஸ், விர்ஜின் அட்லாண்டிக், அமெரிக்கன், யுனைடெட். மற்ற யாராக இருந்தாலும் வேறு விமான நிலையம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான திறந்த வான் ஒப்பந்தம் 2008 மார்ச் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி கதவு திறந்துவிட்டது. ஆனால் ஹீத்ரோவில் இறங்கவும் ஏறவும் நேர ஒதுக்கீடு வேண்டும், அதைத்தான் ஸ்லாட் என்கிறார்கள். அது எப்போதோ நிரம்பிவிட்டது. கான்டினென்டல் நிறுவனம் நான்கு ஜோடி ஸ்லாட்டுகளுக்கு 20.9 கோடி டாலர் கொடுத்தது. 2016இல் ஓமன் ஏர் ஒரே ஜோடிக்கு 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. சில்வர்ஜெட்டைப் போன்ற ஒரு நிறுவனம் அந்த ஏலத்தில் கையைத் தூக்கக்கூட முடியாது.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. புதியவர்களுக்கு உதவும் என்று சொல்லப்பட்ட அதே ஒப்பந்தம், பணம் படைத்த மற்ற அமெரிக்க நிறுவனங்களை ஹீத்ரோவுக்குள் கொண்டுவந்தது. ஈயோஸ் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே வசந்த காலத்தில், ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குப் புதிய இருக்கைகள் குவிந்தன.

இருக்கை அருமை, சாப்பாடு அருமை, விலையும் குறைவு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அப்படியிருந்தும் கம்பெனிக்காரர்கள் ஏன் மாறவில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அலுவலக வேலையாகப் போகிறவர் இருக்கையை வாங்குவதில்லை, கால அட்டவணையை வாங்குகிறார். லண்டனில் நான்கு மணிக்கு முடியவேண்டிய கூட்டம் ஏழு மணிவரை இழுத்தால், பெரிய நிறுவனத்தில் அடுத்த விமானம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்கு நாளொன்றுக்குப் பல விமானங்கள் விடுகிறது. ஒன்றிரண்டு மட்டும் விடும் நிறுவனத்தின் விமானத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான். விமானம் பழுதானாலும் அதே கதை; மாற்று விமானம் கிடையாது. எவ்வளவு மெத்தென்ற படுக்கையாக இருந்தாலும் மறுநாள் காலைக் கூட்டத்துக்கு அது பதில் அல்ல.

அடுத்தது ஒப்பந்தம். பெரிய வங்கி ஒன்று தன் ஊழியர்களின் உலகப் பயணம் மொத்தத்துக்கும் ஒரு விமான நிறுவனத்தோடு தள்ளுபடி பேசிவைத்திருக்கும். லண்டன்–நியூயார்க்கில் மட்டும் வேறு நிறுவனத்துக்கு மாறினால், ஒப்புக்கொண்ட அளவு குறைந்து ஹாங்காங், துபாய் டிக்கெட்டுகளின் தள்ளுபடியும் போய்விடும். பத்திரிகையில் வரும் விலையோடு ஒப்பிட்டால் ஈயோஸ் மலிவு. அந்த வங்கி உண்மையில் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

மூன்றாவது, யாரும் வெளியே சொல்லாத காரணம்: மைல்கள், அதாவது பறப்பதற்கு நிறுவனம் தரும் பரிசுப் புள்ளிகள். டிக்கெட் பணம் கம்பெனியுடையது, சேரும் மைல்கள் பயணியுடையவை. வருடம் முழுவதும் சேர்த்த மைல்களில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகலாம் என்றிருக்கும்போது, எந்தக் கூட்டணியிலும் சேராத புது நிறுவனத்தில் ஏற அவருக்கு என்ன அவசரம்?

பெரிய கம்பெனிகள் சேர்ந்து சின்ன கம்பெனிகளை நசுக்கிவிட்டன என்கிறார்களே, உண்மையா?

நசுக்கும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். 2007 அக்டோபர் கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஹீத்ரோவில் அத்தனை வசதி இருந்தும், ஸ்டான்ஸ்டெட்–ஜேஎஃப்கே சேவையைத் தொடங்கியது. ஈயோஸும் மேக்ஸ்ஜெட்டும் பறந்த அதே தடம். இரண்டு மாதத்தில் மேக்ஸ்ஜெட் விழுந்தது, ஆறு மாதத்தில் ஈயோஸ். 2008 ஜூலையில் அமெரிக்கன் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டது. இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

அதன் பிறகு வந்த மாற்றம் இதைவிடப் பெரியது. 2010இல் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஸ்பெயினின் ஐபீரியா மூன்றும் அட்லாண்டிக் தடங்களில் விலையையும் அட்டவணையையும் கூடிப் பேசி, வருமானத்தைப் பகிர்ந்துகொள்ள அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அனுமதி கொடுத்தது. யுனைடெட்–லுஃப்தான்சா–ஏர் கனடா ஒரு கூட்டு. டெல்டா–ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் இன்னொரு கூட்டு. 2013இல் விர்ஜின் அட்லாண்டிக்கின் 49 விழுக்காட்டை 36 கோடி டாலருக்கு வாங்கிய டெல்டா அதையும் பின்னர் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. விமானத்தின் வாலில் பல பெயர்கள் எழுதியிருந்தாலும், போட்டியிடுவது பெரும்பாலும் இந்த மூன்று அணிகள்தான். சாதாரணமாக இப்படி விலை பேசிக்கொண்டால் சட்டம் பாயும். இவர்களுக்கு அரசே விலக்கு கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் தன் பங்குக்கு, லண்டன்–அமெரிக்கத் தடங்களில் சில ஸ்லாட்டுகளைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

பிரிட்டிஷ் ஏர்வேஸே இதே மாதிரி ஒரு விமானம் ஓட்டியதாமே?

ஓட்டியது, அதுவும் அழகாக. 2009 செப்டம்பரில் லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு ஏர்பஸ் ஏ318, மொத்தம் 32 இருக்கைகள். கான்கார்டு பறந்த பிஏ001 என்ற எண்ணையே அதற்குக் கொடுத்தார்கள். லண்டன் சிட்டி நிதி மாவட்டமான கேனரி வார்ஃபுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓடுபாதை வெறும் 1,508 மீட்டர்; செங்குத்தாக இறங்க வேண்டிய இடம். முழு எரிபொருளோடு அங்கிருந்து எழும்ப முடியாது என்பதால், போகும் வழியில் அயர்லாந்தின் ஷானனில் நின்று எரிபொருள் நிரப்புவார்கள். அந்த நேரத்தில் பயணிகள் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை அங்கேயே முடித்துக்கொண்டு, நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிகளைப் போல வெளியே நடந்துவிடுவார்கள். ஒரு குறையை இப்படி வசதியாக மாற்றிய வேறு ஏற்பாடு விமானத் தொழிலில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

நிதி நெருக்கடியின் நடுவே தொடங்கிய அந்தச் சேவை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. பெரும்பகுதிக் காலம் நாளுக்கு இரண்டு விமானங்கள், பின்னர் ஒன்று. 2020இல் கொரோனா வந்தபோது நின்றது, திரும்ப வரவில்லை. இது நீடித்ததற்கும் ஈயோஸ் நீடிக்காததற்கும் காரணம் முன்பே சொன்ன அட்டவணையும் மைல்களும்தான். சிட்டி விமானத்தைத் தவறவிட்டவர் அதே நிறுவனத்தின் ஹீத்ரோ விமானத்தில் ஏறலாம்.

பாரிஸ் பக்கம் இன்னொரு முயற்சியும் செய்தார்கள். திறந்த வான் ஒப்பந்தத்தின் பெயரையே வைத்து, 2008 ஜூனில் ஓப்பன்ஸ்கைஸ் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே லாவியோனை 5.4 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். லண்டன் நிறுவனங்கள் மண்ணோடு போக, பாரிஸ் நிறுவனம் மட்டும் நல்ல விலைக்குப் போனது. ஓப்பன்ஸ்கைஸ் 2018இல் மூடப்பட்டது.

அப்படியானால் லா கொம்பானி மட்டும் எப்படி இன்னும் பறக்கிறது?

லாவியோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரான்ஸ் இவ்லென் அதே பாடத்தைத் திருத்தி எழுதியதுதான் லா கொம்பானி. 2014 ஜூலையில் பாரிஸ்–நியூவார்க் தடத்தில் தொடங்கியது. முதலில் பழைய 757, 74 இருக்கைகள். அவையும் முழுத் தட்டையாகாத, சற்றுச் சரிவாகவே விரியும் இருக்கைகள். 2015இல் லூட்டனுக்கும் வந்து பார்த்தது. பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பிறகு, 2016 செப்டம்பரில், லண்டனை விட்டுவிட்டது. என் கணிப்பில் அந்த நிறுவனம் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான். 2019இல் புதிய ஏ321நியோ விமானங்களுக்கு மாறியது. எரிபொருள் செலவு கணிசமாகக் குறைந்தது, படுக்கை முழுத் தட்டையானது. அதே ஆண்டு நீஸ், 2022இல் மிலான்.

ஊர்களின் பெயரைக் கவனியுங்கள். பாரிஸ், நீஸ், மிலான் மூன்றும் சொந்தப் பணத்தில் விடுமுறைக்குப் போகிற, கொஞ்சம் வசதியான மக்கள் விரும்பும் ஊர்கள். அறுபது வயதில் முதுகு வலிக்காமல் அட்லாண்டிக்கைக் கடக்க விரும்பும் தம்பதிகள், தொழிலைத் தாங்களே நடத்துபவர்கள், ஆடை, ஒயின் வியாபாரம் செய்பவர்கள். இவர்களுக்கு வங்கி ஒப்பந்தம் கிடையாது, நாளுக்கு எட்டு விமானம் தேவையில்லை. விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். லா கொம்பானி வங்கிக்காரர்களை மறந்துவிட்டு இவர்களைத் தேடிப் போனது. விமானங்களின் எண்ணிக்கையையும் பெருக்கவில்லை. 2020இல் கொரோனாவுக்காக நிறுத்தி 2021இல் மீண்டும் பறந்தபோது, சிறியதாக இருந்ததே அதற்கு வசதியாகப் போயிற்று.

கதவு வைத்த தனி அறை மாதிரி இருக்கை எல்லாம் வந்துவிட்டதே. இப்போது லா கொம்பானி இருக்கை பழசு இல்லையா?

ஒரு வகையில் ஆம். அதில் வரிசைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைகள். ஜன்னலோரத்தில் இருப்பவர் எழுந்துபோக வேண்டுமென்றால் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தாண்ட வேண்டும். தம்பதிக்குப் பரவாயில்லை, தனியாகப் போகிறவருக்குத் தொந்தரவு. டெல்டா 2017இலும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019இலும் கதவு வைத்த இருக்கைகளைக் கொண்டுவந்தன. அவற்றில் எல்லோருக்கும் நேரே நடைபாதை உண்டு.

இந்தப் போட்டி எங்கிருந்து தொடங்கியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிசினஸ் கிளாஸில் தட்டையான படுக்கையை 2000இல் கொண்டுவந்ததே பிரிட்டிஷ் ஏர்வேஸ்தான். அன்று அது அதிசயம். ஈயோஸ் வந்தபோதும் தட்டைப் படுக்கை பாதி நிறுவனங்களிடம் இல்லை. எல்லோரிடமும் வந்தபின், இருக்கையை மட்டும் காட்டி வாடிக்கையாளரைப் பிடிக்கும் வழி அடைபட்டுவிட்டது. கதவுக்கும் அதே கதிதான் நேரும்.

ஜெட்புளூ லண்டனுக்கு வந்த பிறகு விலை குறைந்ததா?

ஜெட்புளூ என்ற அமெரிக்க நிறுவனம் முழு பிசினஸ் கிளாஸ் நிறுவனம் அல்ல. 2021 ஆகஸ்டில் ஜேஎஃப்கேவிலிருந்து ஹீத்ரோவுக்கு வந்த அதன் ஏ321எல்ஆர் விமானத்தில் முன்பக்கம் மின்ட் என்ற பெயரில் 24 பிசினஸ் கிளாஸ் அறைகள், பின்பக்கம் எகானமி. அறிமுக விலையாக மின்ட்டுக்குப் போய்வர 1,979 டாலர் என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் பல ஆயிரம் டாலர் கேட்டுக்கொண்டிருந்த தடம் அது.

குறைந்தது, ஆனால் எல்லா நாளும் அல்ல. முன்கூட்டியே வாங்கும் சுற்றுலாப் பயணிக்குப் பெரிய நிறுவனங்களும் சலுகை அறிவிக்க வேண்டியதாயிற்று. புறப்படும் வாரத்தில் வாங்கும் அலுவலகப் பயணியின் விலை பெரிதாக அசையவில்லை. அவர் வாங்குவது எது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எகானமியும் கூடவே இருப்பதால் ஜெட்புளூவுக்கு ஈயோஸின் ஆபத்து இல்லை. முன்பக்கம் காலியாகப் போனாலும் பின்பக்கம் எரிபொருளுக்குக் கொஞ்சம் கொடுக்கும்.

டப்ளினிலிருந்து தொடங்கினால் லண்டன் விலையைவிட மலிவாம். இது என்ன ஏமாற்று வேலை?

ஏமாற்று இல்லை. லண்டன்வாசி நேரடி விமானத்துக்கு அதிகம் கொடுப்பார், டப்ளின்வாசி லண்டனில் மாறிப் போக வேண்டும் என்பதால் குறைவாகத்தான் கொடுப்பார் என்பது நிறுவனங்களின் கணக்கு. அதனால் அதே இருக்கை, டப்ளினில் தொடங்கும் டிக்கெட்டில் மலிவாக வரும். கூடவே வரியும் உண்டு. பிரிட்டனிலிருந்து புறப்படும் நெடுந்தூரப் பயணத்துக்கு பிசினஸ் கிளாஸ் பயணி கட்டும் புறப்பாட்டு வரி, எகானமி பயணி கட்டுவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014இல் எடுத்துவிட்டது.

ஒன்றை மறக்கக் கூடாது. டப்ளின்–லண்டன்–நியூயார்க் டிக்கெட் வாங்கிவிட்டு, டப்ளின் பகுதியை விட்டுவிட்டு லண்டனில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி முழுவதும் ரத்தாகும்.

நான் சென்னையிலிருந்து நியூயார்க் போகிறேன். லா கொம்பானி மாதிரி ஒன்றில் பாதி வழி போனால் மிச்சமாகுமா?

பெரும்பாலும் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னை–ஹீத்ரோ–ஜேஎஃப்கே என்று ஒரே டிக்கெட்டாக வாங்கினால், பெட்டி நேரே போகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் பாரிஸில் பெட்டியை எடுத்து, குடிவரவைத் தாண்டி, வேறு விமான நிலையத்துக்கே போக வேண்டிவரலாம். அதற்கு விசாவும் வேண்டும். தவறவிட்டால் நட்டம் உங்களுடையது.

ஈயோஸும் சில்வர்ஜெட்டும் விழுந்ததில் இதற்கும் பங்குண்டு. பெரிய நிறுவனத்தின் லண்டன்–நியூயார்க் விமானத்தில் சென்னை, நைரோபி, ஏதென்ஸ் பயணிகளும் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டான்ஸ்டெட் விமானத்தை லண்டன்காரர்களைக் கொண்டே நிரப்பியாக வேண்டும். பாரிஸில் சில நாள் தங்கிவிட்டுப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் லா கொம்பானியின் விலையைப் பார்க்கலாம்.

சிறிய கம்பெனியில் டிக்கெட் வாங்கி, அது திவாலாகிவிட்டால் என் பணம்?

கிரெடிட் கார்டில் வாங்குங்கள். வெறும் விமான டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல காப்பு கிடையாது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலையுள்ள ஒன்றை கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் தராததற்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பு. அமெரிக்காவிலும் கிடைக்காத சேவைக்கான கட்டணத்தைக் கார்டு நிறுவனத்திடம் மறுக்கலாம். வங்கிப் பரிமாற்றத்தில் கட்டினால் கடன்காரர்களின் நீண்ட வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டியதுதான். பயணக் காப்பீடு எடுப்பவர்கள், விமான நிறுவனம் திவாலாவதும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் அது இருப்பதில்லை.

திவால் இல்லை, வெறும் ரத்து அல்லது தாமதம் என்றால்?

இங்கே லா கொம்பானிக்கு ஒரு அனுகூலம் உண்டு, பயணியின் பார்வையில். அது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் என்பதால், ஐரோப்பிய விதி 261 இரு திசையிலும் பொருந்தும். நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ, மூன்றிலிருந்து நான்கு மணி நேரமென்றால் பாதியாகக் குறைக்கலாம். வழக்கமான இயந்திரப் பழுது தப்பிக்கும் சாக்கு ஆகாது. ஜெட்புளூவில் பாரிஸிலிருந்து நியூயார்க் போனால் இந்த விதி உண்டு, நியூயார்க்கிலிருந்து பாரிஸ் போகும்போது இல்லை.

ரத்தானால் மாற்றுப் பயணம் ஏற்பாடு செய்வதும் நிறுவனத்தின் கடமை, தேவைப்பட்டால் வேறு நிறுவனத்தின் விமானத்திலாவது. கவுண்டரில் அதை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு மறுநாள் விமானம்தான் காட்டப்படும்.

ஏழு மணி நேரப் பயணத்துக்குப் படுக்கை தேவையா? எனக்கு இது வெட்டிச் செலவாகத் தோன்றுகிறது.

போகும் திசையைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போவது பெரும்பாலும் இரவுப் பயணம். ஏறுவது, சாப்பிடுவது, இறங்குவதற்கு முன் எழுப்புவது எல்லாம் போகத் தூங்கக் கிடைப்பது நான்கு மணி நேரம். மறுநாள் வேலை இருந்தால் அந்த நான்கு மணி நேரத்துக்கு விலை உண்டு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போவது பகல் பயணம். அதற்கு எகானமியைவிடச் சற்று வசதியான பிரீமியம் எகானமி போதும் என்பது என் கட்சி. போக ஒன்று, வர ஒன்று என்று வாங்கலாம். லா கொம்பானி ஒருவழி டிக்கெட்டும் விற்கிறது.

சுற்றுச்சூழலைப் பற்றியும் சிலர் இதே மூச்சில் கேட்கிறார்கள். பிசினஸ் இருக்கை அதிக இடம் பிடிப்பதால், நெடுந்தூரப் பயணத்தில் அந்தப் பயணியின் கணக்கில் வரும் கரிம உமிழ்வு எகானமி பயணியுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று பிரிட்டிஷ் அரசின் கணக்கீட்டு முறை சொல்கிறது. உமிழ்வுக்கு ஈடாக வேறிடத்தில் உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்குத் தரும் கரிம ஈட்டுத் தொகையை சில்வர்ஜெட் டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கியது. அதனால் விமானம் குடித்த எரிபொருள் ஒரு சொட்டும் குறையவில்லை.

இனி யாராவது புதிதாக லண்டன்–நியூயார்க்கில் முழு பிசினஸ் கிளாஸ் விமானம் விடுவார்களா?

முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஒடிசி ஏர்லைன்ஸ் என்ற பிரிட்டிஷ் முயற்சி, லண்டன் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு நேரே பறக்க பாம்பார்டியர் சிஎஸ்100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஷானனில் நிற்கவே தேவையில்லாத விமானம். 2017 மார்ச்சில் ஒரு சிஎஸ்100 அந்தத் தூரத்தைச் சோதனையாகப் பறந்தும் காட்டியது. ஒடிசி ஒருநாளும் பறக்கவில்லை. விமானம் தயாராகிவிட்டது, பணம் திரளவில்லை.

விடுமுறைப் பயணிகள் பக்கம் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். மாலத்தீவை மையமாக வைத்து 2023இல் தொடங்கிய பியாண்ட் என்ற நிறுவனம் 44 இருக்கைகள் கொண்ட ஏ319இல் அதைத்தான் முயல்கிறது. அட்லாண்டிக்கில் அப்படி ஒருவர் வந்தால் லண்டனைத் தேடி வரமாட்டார். மத்தியதரைக் கடலோரத்து ஊர் ஒன்றைத்தான் பிடிப்பார். ஏ321எக்ஸ்எல்ஆர் போன்ற குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் போகும் சிறிய விமானங்கள் அதற்குத் தோதானவை. ஆனால் அதே விமானத்தை முதலில் வாங்கிப் பறக்கவிட்டது ஐபீரியா, 2024 நவம்பரில், மாட்ரிட்–பாஸ்டன் தடத்தில். அது பிரிட்டிஷ் ஏர்வேஸின் சகோதர நிறுவனம்.